விடவேண்டியதை முதலில் எழுதுங்கள்: சிறு அமைப்புகளுக்கான திட்டமிடல் வழிகாட்டி

நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு நிறுவனத்தையோ தொண்டு அமைப்பையோ நீங்கள் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதன் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கலாம். கடன் கொடுப்பவரோ நிர்வாகக் குழுவில் ஒருவரோ 'உங்கள் பிளான் என்ன?' என்று கேட்டிருப்பார். தேடிப் பார்த்தால் முப்பது, நாற்பது பக்கப் படிவங்கள் வந்து விழும். அவற்றை நிரப்ப உட்கார்ந்தால் இரண்டு வாரம் போய்விடும். நிரப்பி முடித்த பிறகும், நாளை காலையில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

ஒரு சிறு அமைப்புக்காக நான் போட்ட முதல் திட்டம் நாற்பது பக்கம். தொலைநோக்கு, விழுமியங்கள், வண்ண வரைபடங்கள் எல்லாம் இருந்தன. ஆறு மாதம் கழித்து அங்கே வேலை செய்த ஒருவரிடம், அதிலிருந்து ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, நினைவில்லை என்றார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தனை பக்கங்களிலும் 'இந்த ஆண்டு இதைச் செய்யப்போவதில்லை' என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாமே முக்கியம் என்று எழுதியிருந்ததால் எதுவுமே மனத்தில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்த ஒவ்வொரு திட்டமிடலிலும் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

கீழே சொல்லும் முறைக்கு, விவரம் திரட்டும் நேரம் போக, இரண்டு அரைநாள் போதும். கடைசியில் கையில் இருக்கவேண்டியது இரண்டே காகிதங்கள்: எதைச் செய்கிறோம், எதை விடுகிறோம் என்று சொல்லும் ஒரு பக்கம், அடுத்த சில மாதங்களில் பணம் எப்போது வரும், எப்போது போகும் என்று காட்டும் ஒரு பக்கம். முதலாவது உத்தி, இரண்டாவது அதைத் தாங்கும் கணக்கு. உத்தி இல்லாத கணக்கு போன வருடத்தையே திரும்ப எழுதுவதாகும். கணக்கு இல்லாத உத்தி மூன்றாம் மாதம் சம்பளத் தேதியில் வந்து முட்டும்.

முதல் படி: உட்காருவதற்கு முன் சேர்க்கவேண்டியவை

வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போனால் அதிகம் பேசுபவரின் கருத்தே திட்டமாகிவிடும். அதனால் முதலில் நான்கு விவரங்களைத் திரட்டுங்கள்.

கடந்த 12 மாத வருமானம் எந்தெந்த வேலையிலிருந்து வந்தது என்பது ஒன்று. மொத்தத் தொகை மட்டும் போதாது, வேலைவாரியாகப் பிரித்து எழுதவேண்டும். அந்த வருமானத்தில் மிகப் பெரிய ஐந்து வாடிக்கையாளர்கள் அல்லது நன்கொடையாளர்களின் பங்கு எவ்வளவு என்பது இரண்டாவது. ஒருவரே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறார் என்றால், அவர் போனால் என்ன செய்வோம் என்பது உங்கள் திட்டத்தின் முதல் கேள்வியாகிவிடுகிறது. மூன்றாவது, ஆட்களின் நேரம் எங்கே போகிறது என்பது. எல்லாரும் இரண்டு வாரம் தோராயமாகக் குறித்து வைத்தால் போதும். நான்காவது, கடந்த ஆண்டில் வந்த புகார்களும், விலகிப்போனவர்களின் பட்டியலும்.

முதலாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேரத்தில் பாதியை விழுங்கும் ஒரு வேலை வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராமல் இருப்பது அடிக்கடி தெரியவரும். தொண்டு அமைப்பு என்றால் வருமானத்தின் இடத்தில் 'எத்தனை பேருக்கு உண்மையில் உதவியது' என்பதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே மற்ற எல்லாவற்றையும் திரட்டலாம் என்பேன்.

யார் யார் உட்காரவேண்டும்? முடிவெடுப்பவரும் கணக்குப் பார்ப்பவரும் கட்டாயம். கூடவே வாடிக்கையாளரோடு நேரில் பேசும் ஒருவரும் வேண்டும். இந்த மூன்றாமவரை விட்டுவிட்டுக் கூட்டம் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வெளியே என்ன நடக்கிறது என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் படி: யாருக்காக, எதற்காக

இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இன்னாருடைய இன்ன சிக்கலை இன்ன விதத்தில் தீர்க்கிறோம். எழுதியதும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் இன்னொருவரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்துகிறது என்றால் அது உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. 'தரமான சேவையை நியாயமான விலையில் அளிக்கிறோம்' என்பது உலகத்தில் எவருக்கும் பொருந்தும். 'சிறு பதிப்பகங்களுக்கு நூறு பிரதி அளவிலும் ஒரு வாரத்துக்குள் புத்தகம் கட்டிக் கொடுக்கிறோம்' என்றால் யார், என்ன, எப்படி என்ற மூன்றும் வந்துவிடுகின்றன. வாக்கியத்தின் அழகைப் பற்றி வாதம் தொடங்கினால் நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: இருக்கும் இடத்தை அறிவது

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போடும் ஸ்வாட் முறை 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எளிமையானது. அதனாலேயே கெட்டுப்போவதும் எளிது. 'அர்ப்பணிப்புள்ள ஊழியர்கள்' என்று பலத்தில் ஒருவர் எழுதுவார், 'போட்டி அதிகம்' என்று அச்சுறுத்தலில் இன்னொருவர் எழுதுவார், கூட்டம் முடிந்துவிடும்.

ஒரு கட்டுப்பாடு வைத்தால் அதே கட்டங்கள் உயிர் பெறும். கட்டத்தில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று வேண்டும். 'வேலை வேகம் எங்கள் பலம்' என்றால், கடந்த 20 ஆர்டர்களில் எத்தனை சொன்ன தேதியில் போயின என்று எண்ணிச் சொல்லவேண்டும். எண்ண முடியாததை ஓரமாக ஒரு தனித் தாளில் எழுதுங்கள். அவை எல்லாம் நீங்கள் நம்பிக்கொண்டிருப்பவை, இன்னும் சோதித்துப் பார்க்காதவை. அந்தத் தாள் பெரும்பாலும் ஸ்வாட் கட்டங்களைவிட நீளமாக இருக்கும். சிறு அமைப்பு சறுக்குவது அந்தத் தாளில் உள்ள ஏதாவது ஒரு வரியில்தான்.

சோதிப்பதற்கு மலிவான வழி, பத்துப் பேரிடம் பேசுவது. ஐந்து பேர் இப்போது உங்களிடம் வருபவர்கள், ஐந்து பேர் விட்டுப் போனவர்கள் அல்லது வராதவர்கள். 'நாங்கள் இப்படி ஒன்று தொடங்கினால் வருவீர்களா?' என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே யாரும் மறுக்கமாட்டார்கள், வருவேன் என்றுதான் சொல்வார்கள். நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: போன முறை இந்தத் தேவை வந்தபோது என்ன செய்தீர்கள்? யாரிடம் போனீர்கள்? எவ்வளவு செலவானது? எதில் எரிச்சல் வந்தது? பேசி முடித்ததும் அவர்கள் சொன்னதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதி வையுங்கள். உங்கள் சொற்களுக்கு மாற்றும்போதே பாதி விஷயம் நழுவிவிடும்.

நான்காம் படி: தேர்வதும் விடுவதும்

திட்டமிடலின் நடுப்பகுதி இது. அவசரப்படவேண்டாம். முதல் அரைநாளில் மிச்சமிருக்கும் நேரம் முழுவதும் இதற்கே.

உத்தி என்பதன் சாரம் எதைச் செய்யக்கூடாது என்று தேர்வதில் இருக்கிறது என்று ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் போர்ட்டர் 1996இல் எழுதினார். பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்துச் சொன்னது என்றாலும், ஆள் பலமும் பணமும் குறைந்த இடத்தில்தான் அது இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. பெரிய நிறுவனம் இரண்டு தவறான வேலைகளை இழுத்துக்கொண்டே ஓரிரு வருடம் ஓடிவிடும். ஐந்து பேர் அமைப்பில் ஒரு தவறான வேலை ஒரு முழு ஆளைத் தின்றுவிடும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள்.

பெரியவர்களே குறுக்கித்தான் மீண்டிருக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 1997 நிதியாண்டில் 100 கோடி டாலருக்கு மேல் நட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் நான்கு கட்டம் போட்டார்: பொதுப் பயனருக்கு ஒரு மேசைக் கணினி, கையில் எடுத்துச் செல்லும் கணினி ஒன்று, தொழில்முறையாளருக்கும் அதே போல இரண்டு. அதற்குள் அடங்காத பல பொருட்களை நிறுத்தினார். அடுத்த நிதியாண்டில் நிறுவனம் லாபம் காட்டியது. பொருட்களைக் குறைத்தது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மிச்சம் இருந்த ஆட்களும் பணமும் நான்கே கட்டங்களில் குவிந்தன.

நீங்கள் செய்யவேண்டியது இது. இப்போது செய்துவரும் வேலைகள், செய்ய ஆசைப்படும் வேலைகள் எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுக் காகிதங்களில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள். நாம் யாருக்காக இருக்கிறோமோ அவர்களுக்கு இது வேண்டுமா? மற்றவர்களைவிட நாம் இதை நன்றாகச் செய்கிறோம் என்பதற்குச் சான்று உண்டா? இது தன் செலவைத் தானே தாங்குமா, அல்லது தாங்க ஒருவர் உறுதி கொடுத்திருக்கிறாரா?

மூன்றுக்கும் ஆம் என்றால் அது உங்கள் மைய வேலை. மூன்றுக்கும் இல்லை என்றால் பேச்சே வேண்டாம், இந்த ஆண்டு நிறுத்திவிடலாம். சங்கடம் இரண்டு ஆம், ஒரு இல்லை வாங்கும் காகிதங்களில்தான். அந்தச் சங்கடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் இரண்டும் ஆம், மூன்றாவது இல்லை என்றால் விலையிலோ நிதி வழியிலோ கோளாறு, சரிசெய்ய முயலலாம். முதலாவது இல்லை, மற்ற இரண்டும் ஆம் என்பது மிகவும் ஏமாற்றக்கூடியது. நன்றாகவும் செய்கிறோம், பணமும் வருகிறது, ஆனால் நாம் இருப்பது இதற்காக இல்லை. இப்படி ஒரு வேலையில் கால் வைத்து, இரண்டு மூன்று வருடத்தில் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்ட அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். மாறுவது தவறில்லை. தெரியாமலே மாறிப்போவதுதான் எனக்கு வருத்தம் தரும். அப்படிப்பட்ட வேலையை வைத்துக்கொள்வதாக இருந்தால் 'பணத்துக்காக மட்டும், இன்ன தேதி வரை' என்று காகிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியில் மைய வேலைகள் இரண்டு அல்லது மூன்று மிஞ்சட்டும். நிறுத்தும் வேலைகளின் பட்டியலை அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரிடம் சொல்லவேண்டும், எந்தத் தேதிக்குள் என்று குறியுங்கள். நிறுத்துவதும் ஒரு வேலைதான். இத்தனை நாள் அதை நம்பியிருந்தவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும், முடிந்தால் வேறு வழி காட்டவேண்டும். தாட்சண்யத்தால் தள்ளிப்போட்ட 'இல்லை' பிறகு கசப்போடுதான் வெளியே வரும்.

ஐந்தாம் படி: கணக்கு

இரண்டாவது அரைநாளை இதற்கு ஒதுக்குங்கள். கணக்கு என்றதும் ஒதுங்கிக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு சிறு புத்தகக் கட்டுமான நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் சரி. ஒரு புத்தகத்துக்கு 200 வாங்குகிறது. தாள், பசை, அட்டை எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகத்துக்கு 120 செலவு. புத்தகம் கூடினால் இந்தச் செலவும் கூடும், அதனால் இது மாறுசெலவு. வாடகை, சம்பளம், மின்சாரம் என்று மாதம் 60,000 எப்படியும் போகும். அது நிலைச்செலவு. ஒவ்வொரு புத்தகமும் நிலைச்செலவை அடைக்கத் தருவது 200இல் 120 போக 80. எனவே 60,000ஐ 80ஆல் வகுத்தால் 750. மாதம் 750 புத்தகம் போனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 80 லாபம். ஆயிரம் போனால் மாத லாபம் 20,000.

இப்போது ஒருவர் வந்து, விலையில் 10 சதவீதம்தானே குறைக்கச் சொல்கிறோம் என்கிறார். எல்லாருக்கும் 180 என்று வைத்தால் ஒரு புத்தகம் தருவது 60 மட்டுமே. 60,000ஐ 60ஆல் வகுத்தால் 1,000. நேற்று வரை 750இல் கரையேறிய நிறுவனம் இனி 1,000 புத்தகம் கட்டினால்தான் கரையேறும். விலை பத்தில் ஒரு பங்கு குறைந்தது, வேலை மூன்றில் ஒரு பங்கு கூடியது. நேற்று ஆயிரம் புத்தகத்தில் கிடைத்த 20,000 லாபமும் போயிற்று. விலையை 10 சதவீதம் ஏற்றினால் 600 புத்தகத்திலேயே செலவு அடைபடும். கொஞ்சம் வாடிக்கையாளர்கள் விலகினாலும் தாங்கும். தள்ளுபடி கொடுக்கும் முன் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். புதியவர்கள் விலையைக் குறைவாகவே வைக்கிறார்கள், தங்கள் சொந்த உழைப்புக்குச் சம்பளம் எழுதாமலே கணக்குப் போடுகிறார்கள். உங்கள் சம்பளத்தையும் நிலைச்செலவில் எழுதுங்கள். இப்போது எடுக்காவிட்டாலும் எழுதுங்கள்.

அடுத்தது பணவோட்டம். லாபம் வேறு, கையில் பணம் வேறு என்பதை அனுபவத்தில் கற்பது வலிக்கும், காகிதத்தில் கற்றுவிடுவது நல்லது.

அதே நிறுவனத்துக்கு, பழைய விலையிலேயே, மாதம் இன்னும் 1,000 புத்தகம் வேண்டும் என்று ஒரு பெரிய ஆர்டர் வருகிறது. நிலைச்செலவு கூடாது என்றே வைத்துக்கொள்வோம். மாத லாபம் 80,000 கூடும். கொண்டாட்டம்தான். ஆனால் புத்தகம் கொடுத்த 60 நாள் கழித்துத்தான் பணம் தருவோம் என்கிறார்கள். பொருட்களை மாதத் தொடக்கத்தில் ரொக்கத்துக்கு வாங்கவேண்டும்: 1,000 பெருக்கல் 120, அதாவது 1,20,000. முதல் மாதக் கடைசியில் புத்தகம் போகிறது. அதற்கான பணம் மூன்றாம் மாதக் கடைசியில் வரும். அதற்குள் மூன்று முறை பொருள் வாங்கியாயிற்று, 3,60,000 வெளியே போயிற்று. பழைய வேலையின் லாபமாக முதல் இரண்டு மாதங்களில் வந்தது 40,000. ஆக மூன்றாம் மாதத் தொடக்கத்தில் 3,20,000 பள்ளம். நான்காம் மாதக் கடைசியில்தான் பள்ளம் நிரவிச் சமமாகிறது. கையிருப்பு இல்லாத நிறுவனம், வரலாற்றிலேயே மிக அதிக லாபம் காட்டும் மாதத்தில், சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்கும்.

ஆர்டரை மறுக்கவேண்டும் என்பதில்லை. பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று முன்பே தெரிந்தால் பேச இடம் இருக்கிறது: பாதி முன்பணம் கேட்கலாம், 30 நாளாகக் குறைக்கச் சொல்லலாம், தாள் விற்பவரிடம் தவணை கேட்கலாம், முதல் மாதம் 400 புத்தகத்தோடு தொடங்கலாம். தெரியாமல் விழுந்த பிறகு பேச எதுவும் மிஞ்சாது.

எக்செல் தாளிலோ நோட்டிலோ 13 வாரங்களுக்குக் கட்டம் போடுங்கள். மாதக் கணக்கு ஒரு மாதத்துக்குள் வரும் நெருக்கடியை மறைத்துவிடும், அதனால்தான் வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் தொடக்கக் கையிருப்பு, உண்மையில் வரப்போகும் பணம், போகப்போகும் பணம், மிச்சம். 'வரப்போகும்' என்ற இடத்தில் பில் போட்ட தேதியை எழுதாதீர்கள். அந்த வாடிக்கையாளர் போன மூன்று முறை எந்தத் தேதியில் கொடுத்தாரோ அதைப் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் முடிந்த வாரத்தை அடித்துவிட்டு, கடைசியில் ஒரு புது வாரம் சேருங்கள். வாரத்துக்கு அரை மணி நேர வேலை. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்பவர் இதைச் செய்யட்டும்.

தொண்டு அமைப்புகளுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. குறிப்பிட்ட வேலைக்கென்றே கொடுக்கப்பட்ட நிதியை வாடகைக்கோ வேறு வேலைக்கோ எடுக்க முடியாது. வங்கிக் கணக்கில் பெரிய தொகை தெரியும், ஆனால் உங்கள் விருப்பப்படி செலவிடக்கூடியது அதில் சிறு பகுதிதான். எனவே கையிருப்பை எப்போதும் இரண்டு வரியாக எழுதுங்கள்: நிபந்தனையுள்ளது, நிபந்தனையற்றது. சம்பளத்துக்கும் வாடகைக்கும் நம்பக்கூடியது இரண்டாவது வரியை மட்டுமே. அந்த வரியில் மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்பாக வைத்திருப்பது பலரும் பரிந்துரைக்கும் அளவு. இன்று முடியாவிட்டாலும் அதை ஒரு இலக்காக எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: மூன்று இலக்கு, மூன்று பெயர்

ஓராண்டுக்கு மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம். இலக்கு குறிப்பானதாக, அளக்கக்கூடியதாக, ஒருவர் பொறுப்பில், எட்டக்கூடியதாக, காலக்கெடுவோடு இருக்கவேண்டும் என்று மேலாண்மை ஆலோசகர் ஜார்ஜ் டோரன் 1981இல் எழுதியது 'ஸ்மார்ட்' என்ற பெயரில் எங்கும் பரவியிருக்கிறது. இவற்றில் பொறுப்பு என்பதைத்தான் சிறு அமைப்புகள் அதிகம் விட்டுவிடுகின்றன. 'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று எழுதிய இலக்கை யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். ஒரு இலக்குக்கு ஒரே ஒரு பெயர். எல்லா வேலையையும் அவரே செய்யவேண்டும் என்பதில்லை. ஆனால் எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான், அதற்கான அதிகாரமும் அவருக்குத் தரப்படவேண்டும்.

ஒவ்வொரு இலக்குக்கும் இரண்டு எண்கள் வையுங்கள். ஒன்று கடைசியில் தெரியவரும் எண், உதாரணமாக ஆண்டு முடிவில் 12 புதிய பதிப்பகங்கள். இன்னொன்று இந்த வாரமே நம் கையில் இருக்கும் எண், வாரம் மூன்று பதிப்பகங்களோடு பேசுவது போல. முதலாவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தவறிவிட்டது என்று தெரியும்போது ஆண்டு முடிந்திருக்கும்.

ஏழாம் படி: எங்கே உடையும் என்று பார்ப்பது

எவ்வளவு நாளாகும், எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடுவதில் மனிதர்கள் ஒரே திசையில் தவறுகிறார்கள்: எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பெயர் வைத்தார்கள். 1963இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று நினைத்த சிட்னி ஓப்பரா மாளிகை 1973இல்தான் திறக்கப்பட்டது, செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது. அனுபவமுள்ள பொறியாளர்களுக்கே அந்த நிலை.

மருந்து எளியது. இந்த வேலை எவ்வளவு நாளாகும் என்று கற்பனை செய்வதை விட்டுவிட்டு, இதே போன்ற வேலை போன முறை எவ்வளவு நாளானது என்று பாருங்கள். உங்களிடம் பழைய பதிவு இல்லையென்றால் இதைச் செய்து முடித்த இன்னொருவரைக் கேளுங்கள்.

கூடவே உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன ஒரு பயிற்சியையும் செய்யுங்கள், இருபது நிமிடம் போதும். திட்டம் எழுதி முடித்ததும் எல்லாரிடமும் இப்படிச் சொல்லுங்கள்: 'ஓராண்டு கழிந்துவிட்டது. இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது என்று ஐந்து நிமிடம் யாரோடும் பேசாமல் எழுதுங்கள்.' தோற்குமா என்று கேட்டால் தலைமையில் இருப்பவருக்கு எதிராகப் பேசுவது போலிருக்கும், வாய் திறக்கமாட்டார்கள். தோற்றுவிட்டது என்றே தொடங்கினால், மனத்துக்குள் வைத்திருந்ததெல்லாம் காகிதத்துக்கு வரும். 'அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஏற்கனவே களைத்துப்போயிருக்கிறார்' என்பது போன்ற, கூட்டத்தில் யாரும் சொல்லத் துணியாத காரணம் எனக்கு இந்தப் பயிற்சியில்தான் கிடைத்திருக்கிறது. எழுதியவற்றில் பலர் சொன்ன இரண்டு காரணங்களை எடுத்து, அவற்றுக்கு இப்போதே என்ன செய்யலாம் என்று திட்டத்தில் சேருங்கள்.

புதிதாகத் தொடங்கும் எதற்கும் நிறுத்தக் கோடு ஒன்றையும் இப்போதே எழுதிவிடுங்கள். 'ஆறாவது மாத முடிவில் 15 பேர் சேராவிட்டால் நிறுத்துவோம்' என்பது போல. பணமும் உழைப்பும் போட்ட பிறகு இந்த முடிவை எடுக்க மனம் வராது, 'இவ்வளவு போட்டுவிட்டோமே' என்று இழுக்கும். எதுவும் போடுவதற்கு முன் எடுத்த முடிவு அப்போது கைகொடுக்கும்.

எட்டாம் படி: ஒரு பக்கத்தில் எழுதுவது

மேலே செய்ததெல்லாம் ஒரு பக்கத்துக்குள் வரவேண்டும்: யாருக்காக, எதற்காக என்ற வாக்கியம், இரண்டு மூன்று மைய வேலைகள், இந்த ஆண்டு செய்யாதவை, மூன்று இலக்கு, பெயர், எண்கள், அடுத்த 90 நாளில் செய்யவேண்டியவை, தேதியோடு, நிறுத்தக் கோடுகள். 90 நாளுக்கு மேற்பட்டதை விவரமாக எழுதவேண்டாம், அதற்குள் நிலைமை மாறிவிடும். பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

கடன் கொடுப்பவருக்கோ நிதி தருபவருக்கோ விரிவான ஆவணம் வேண்டுமென்றால் இந்தப் பக்கத்திலிருந்து வளர்த்து எழுதலாம். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: பணம் திரும்பி வரும் அல்லது சொன்ன வேலைக்கே செலவாகும் என்பதற்கான கணக்கு, இதைச் செய்யக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை, எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது. ஐந்தாம் படியும் ஏழாம் படியும் உங்களிடம் ஏற்கனவே இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு திட்டம், உங்களுக்கு ஒரு திட்டம் என்று இரண்டு வைத்துக்கொள்ளாதீர்கள். எதைப் பின்பற்றுவது என்று உங்கள் ஆட்களுக்கே தெரியாமல் போகும்.

ஒன்பதாம் படி: திரும்பத் திரும்பப் பார்ப்பது

திட்டங்கள் பயனற்றவை, திட்டமிடுவதே எல்லாம் என்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1957இல் ஓர் உரையில் சொன்னார். போர்த் தளபதியாக இருந்தவர். நிலைமை மாறும் என்பதும், யோசித்துப் பழகியவர்களால்தான் மாறிய நிலைமையில் சட்டென்று முடிவெடுக்க முடியும் என்பதும் அவர் அனுபவம்.

மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். அந்த ஒரு பக்கத்தையும் 13 வாரக் கட்டத்தையும் மேசையில் வையுங்கள். இலக்குக்குப் பொறுப்பானவர் தன் எண்ணைச் சொல்வார். சொன்னதற்கும் நடந்ததற்கும் இடையே இடைவெளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள், யார் என்று கேட்காதீர்கள். எண் மோசமாக இருக்கிறது என்று சொன்னவர் அடிவாங்கினால், அடுத்த மாதம் முதல் உங்களுக்கு நல்ல எண்கள் மட்டுமே வரும். பிறகு செய்யாதவை பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்கவேண்டும். இந்த மாதம் அவற்றில் ஏதாவது பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டதா? பெரும்பாலும் வந்திருக்கும், யாரோ வேண்டப்பட்டவருக்காக ஒத்துக்கொண்டதாக இருக்கும். அதை முடித்துக்கொடுக்கும் தேதியை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைநாள் உட்கார்ந்து அடுத்த 90 நாளை எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முதல் படியிலிருந்து முழுவதும். முதல் மாதக் கூட்டத்தின் தேதியை, திட்டம் எழுதி முடித்த அன்றே, எல்லாரும் எழுந்து போவதற்கு முன் முடிவுசெய்துவிடுங்கள்.